7க்கு அடுத்து 9: ஒரு ஸ்டாப்வாட்ச் புராஜெக்ட்டின் நிகழ்வு ஆய்வு

மூன்றாவது வார லேப் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வயர்களைச் சொருகிச் சர்க்யூட் கட்டும் பிரெட்போர்டில் இருந்த டிஸ்பிளே 4, 5, 6, 7 என்று நொடிக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டு வந்தது. அடுத்து 9 வந்தது. 8ஐக் காணோம். அதற்கடுத்த சுற்றில் 8 ஒழுங்காக வந்தது. இன்னொரு சுற்றில் மறுபடியும் காணோம். மூன்று மாணவர்களும் டிஸ்பிளேயைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

"மேம், சிமுலேஷன்ல கரெக்டா ஓடுச்சு."

ஓடியது உண்மைதான். லாஜிசிம் என்ற சிமுலேஷன் மென்பொருளில் அவர்கள் வரைந்த சர்க்யூட்டை நானே பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தேன். தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. அப்படியிருந்தும் போர்டில் நான்கு வெவ்வேறு பிழைகள் ஒன்றன் பின் ஒன்றாக வெளிப்பட்டன. ஒன்றைச் சரிசெய்தால்தான் அடுத்தது கண்ணில் பட்டது. அந்த நான்கையும் அவர்கள் பிடித்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். டிஜிட்டல் லேப் நடத்துகிறவர்களுக்கும், முதல் புராஜெக்ட்டைக் கையில் எடுக்கப்போகிற மாணவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

என்ன செய்யச் சொன்னேன்

நான் பார்த்துக்கொள்வது இரண்டாம் ஆண்டு மாணவர்களின் டிஜிட்டல் லாஜிக் லேப். முதல் பாதியில் கேட்டுகள், ஆடர், மல்டிபிளெக்சர், ஃப்ளிப்ஃப்ளாப் என்று வழக்கமான பரிசோதனைகள் நடக்கும். இரண்டாம் பாதியில் மூவர் மூவராகப் பிரிந்து ஆறு வாரம் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். இந்தக் குழு எடுத்தது 00:00 முதல் 59:59 வரை ஓடும் ஸ்டாப்வாட்ச். ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பட்டன், ரீசெட்டுக்கு ஒரு பட்டன். மைக்ரோகண்ட்ரோலர் கூடாது, 74எல்எஸ் வரிசை சிப்களை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

இன்னொரு நிபந்தனையும் வைத்தேன். என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மையமே அதுதான். குழுவுக்கு ஒரு நோட்டு, அதில் மூன்று பத்தி. என்ன செய்யப் போகிறோம், என்ன நடக்கும் என்று நினைக்கிறோம், என்ன நடந்தது. முதல் இரண்டு பத்தியையும் நிரப்பாமல் போர்டில் ஒரு வயரைக்கூடத் தொடக் கூடாது. முந்தைய ஆண்டுகளில் மாணவர்கள் பிழை தேடும் விதத்தைப் பார்த்து நொந்துபோய்த்தான் இந்த விதியைக் கொண்டுவந்தேன். ஏதாவது ஓடவில்லை என்றால் சிப்பை மாற்றுவார்கள், வயர்களைப் பிடுங்கி மறுபடி குத்துவார்கள், ஒரே நேரத்தில் ஐந்து விஷயத்தை மாற்றுவார்கள். திடீரென்று ஓட ஆரம்பிக்கும். ஏன் ஓடுகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஓடாத சர்க்யூட்டைவிட அது எனக்கு அதிகக் கவலை தரும்.

காகிதத்தில்

வடிவமைப்பு எளிமையானது. 555 டைமர் நொடிக்கு ஒரு துடிப்பு கொடுக்கும். நான்கு இலக்கத்துக்கு நான்கு 7490 கவுண்டர், நான்கு 7447 டிகோடர், ஏழு கோடுகளால் எண்ணைக் காட்டும் செவன் செக்மென்ட் டிஸ்பிளே நான்கு, காமன் ஆனோடு வகையில் (எல்லாக் கோடுகளுக்கும் நேர்முனை ஒன்றே).

கவனிக்க வேண்டிய இடம் நொடியின் பத்தாம் இலக்கம், அதாவது 00 முதல் 59 வரை போகும் எண்ணில் இடப்பக்க இலக்கம். 7490 இயல்பாக 0 முதல் 9 வரை எண்ணும். நமக்கு 5க்கு அடுத்து 0 வேண்டும். 6 என்பது இரண்டடிமானத்தில் 0110. அதாவது கவுண்டரின் நான்கு வெளியீடுகளில் (க்யூஏ முதல் க்யூடி வரை) நடுவில் இருக்கும் க்யூபி, க்யூசி இரண்டும் சேர்ந்து 1 ஆவது 6 வரும்போதுதான். அந்த நொடியில் ரீசெட் கொடுத்துவிட்டால் 6 கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே 0 ஆகிவிடும். ரீசெட் ஆகும்போது க்யூசி 1இலிருந்து 0க்கு விழும். 7490 விழும் விளிம்பில்தான் (உள்ளீடு 1இலிருந்து 0க்கு மாறும் கணத்தில்) எண்ணும் என்பதால் அந்த விழுதலையே நிமிட இலக்கத்துக்குக் கிளாக்காக, அதாவது எண்ண வைக்கும் துடிப்பாகக் கொடுக்கலாம். ரீசெட் பட்டனையும் இதோடு சேர்க்க இரண்டு நேண்ட் கேட் (உள்ளீடுகள் எல்லாம் 1 ஆனால் மட்டும் 0 தருவது) போதும். வடிவமைப்பைக் கவனித்துக்கொண்ட மாணவி இதையெல்லாம் ஒரே மாலையில் போட்டுக்கொண்டு வந்தாள். அழகான வேலை.

முதல் வாரச் சில்லறைச் சிக்கல்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். பதினான்கு கால் சிப் என்றால் 14இல் 5 வோல்ட், 7இல் கிரவுண்ட் என்று கை தானாகவே போகும். 7490இல் அது 5, 10 ஆகிய கால்கள். வயரிங் செய்த மாணவன் இதில் மாட்டினான், பத்து நிமிடத்தில் மீண்டான். அடுத்து, டிஸ்பிளேயில் 6க்கு மேல்கோடு இல்லை, 9க்குக் கீழ்கோடு இல்லை என்று அரை மணி நேரம் வயர்களை மாற்றிப் பார்த்தார்கள். 7447 சிப் 6ஐயும் 9ஐயும் வால் இல்லாமல்தான் காட்டும். சிப்பின் விவரத்தாளான டேட்டாஷீட்டின் படத்திலேயே அது இருக்கிறது. அன்று முதல் டேட்டாஷீட்டை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொண்டார்கள். சொல்லாமலே நடந்த நல்ல விஷயம் அது.

ஒரு பிழைக்குப் பின்னால் இன்னொரு பிழை

இரண்டாம் வாரம் நொடியின் ஒன்றாம் இலக்கத்தை மட்டும் கட்டி மின்சாரம் கொடுத்தார்கள். 9 தெரிந்தது. அசையவில்லை. 555 துடிக்கிறது, 0ஆ 1ஆ என்று காட்டும் லாஜிக் புரோபில் தெரிகிறது. டிஸ்பிளே மட்டும் 9இலேயே நிற்கிறது.

இங்கேதான் நோட்டு முதல் முறை வேலை செய்தது. வயரிங் செய்தவன் சிப்பை மாற்றக் கை நீட்டினான். நோட்டு வைத்திருந்தவன் தடுத்து, "மாத்தினா என்ன ஆகும்னு சொல்லு, எழுதுறேன்" என்றான். பதில் இல்லை. ஒரு கவுண்டர் 9இல் நிற்க என்னென்ன காரணம் இருக்க முடியும் என்று டேட்டாஷீட்டைப் புரட்டினார்கள். 7490இல் 0க்குக் கொண்டுபோகும் ரீசெட் கால்கள் இரண்டு இருப்பதுபோல 9க்குக் கொண்டுபோகும் கால்களும் இரண்டு உண்டு, 6ம் 7ம். அவற்றை எதிலும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டிருந்தார்கள். 74எல்எஸ் சிப்கள் சேர்ந்த டிடிஎல் வகையில் எதிலும் இணைக்காத உள்ளீட்டைச் சிப் 1 என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு காலும் 1, ஆகவே 9.

6, 7 இரண்டையும் கிரவுண்ட் செய்தால் எண்ணத் தொடங்கும் என்று நோட்டில் எழுதினார்கள். செய்தார்கள். டிஸ்பிளே 0 காட்டியது. அங்கேயே நின்றது.

மூன்று பேர் முகமும் வாடியதைப் பார்த்தேன். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். எதிர்பார்ப்பு பொய்த்தாலும் 9 என்பது 0 ஆகியிருக்கிறது. முதல் பிழை நீங்கியதால்தான் இரண்டாவது வெளியே வந்திருக்கிறது. 7490இன் அட்டவணையைப் பார்த்தால், 9க்கான கால்கள் இரண்டும் 1 ஆக இருக்கும்போது ரீசெட் கால்கள் எப்படி இருந்தாலும் 9தான். அதாவது ரீசெட்டில் இருந்த பிழையை இவ்வளவு நேரம் அந்த 9 மறைத்துக்கொண்டிருந்தது. இதை அவர்களே அட்டவணையிலிருந்து படித்துச் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை.

சரி, இப்போது ரீசெட். பட்டனை அழுத்தினால் 5 வோல்ட் போகும், அழுத்தாதபோது 10 கிலோ ஓம் மின்தடை அந்தக் காலைக் கிரவுண்டுக்கு இழுத்து வைத்திருக்கும் என்று கட்டியிருந்தார்கள். மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளில் பழகிய எவரும் கண்ணை மூடிக்கொண்டு இப்படித்தான் கட்டுவார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பட்டனை அழுத்தாதபோது ரீசெட் காலில் 0 வோல்ட் இருக்கும் என்று எழுதினார்கள். மீட்டர் காட்டியது ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல்.

அந்த எண்ணைப் பார்த்ததும் அறையில் நடந்த பேச்சை நான் மறக்கமாட்டேன். "இது 0ஆ, 1ஆ?" என்று ஒருவன் கேட்டான். டேட்டாஷீட் சொல்வது: 0.8 வோல்ட்டும் அதற்குக் கீழும் 0, 2.0 வோல்ட்டும் அதற்கு மேலும் 1. நடுவில் இருப்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நம்முடைய சிப் அதை 1 என்று எடுத்துக்கொண்டது. ஸ்விட்சுகளையும் ரிலேக்களையும் பூலியன் இயற்கணிதத்தால் விவரிக்கலாம் என்று 1937இல் க்ளோட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். அன்று தொடங்கி 0, 1 என்ற இரண்டே எழுத்தில் சர்க்யூட்டை யோசிக்கப் பழகியிருக்கிறோம். ஆனால் காலில் இருப்பது என்னவோ வோல்டேஜ்தான். நடுவே ஒரு பெயரில்லாத இடம் இருக்கிறது என்பதை அந்த மாணவர்கள் மீட்டரில் கண்டது அன்றுதான்.

ஏன் 0க்கு வரவில்லை? 74எல்எஸ் உள்ளீட்டை 0க்கு இழுக்க வேண்டுமென்றால், அதிலிருந்து வெளியே வரும் மின்னோட்டத்தை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். ரீசெட் கால் ஒன்றுக்கு அதிகபட்சம் 0.4 மில்லி ஆம்பியர். இரண்டு காலும் இணைந்திருப்பதால் 0.8. அது மின்தடை வழியே போகும்போது 0.8 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்றால் மின்தடை 1 கிலோ ஓமுக்கு மேல் இருக்க முடியாது. இவர்கள் போட்டிருந்தது அதைவிடப் பத்து மடங்கு. எதிர்த்திசையில் கணக்கே வேறு. 1க்கு இழுக்கும்போது உள்ளீடு கேட்பது 20 மைக்ரோ ஆம்பியர்தான், 10 கிலோ ஓம் தாராளமாகப் போதும். மேலே இழுப்பது எளிது, கீழே இழுப்பது சிரமம். டிடிஎல்லின் இந்த ஓரவஞ்சனையை வகுப்பில் நான் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் நினைவில் இல்லை, அதில் தப்பும் இல்லை. இப்போது மறக்க மாட்டார்கள்.

பட்டனைக் கிரவுண்டுக்கு மாற்றி, 10 கிலோ ஓமை 5 வோல்ட்டுக்கு மாற்றி, நடுவே ஒரு நேண்ட் கேட்டைத் திருப்பியாக (0ஐ 1ஆகவும் 1ஐ 0ஆகவும் மாற்றுவதாக) வைத்தார்கள். டிஸ்பிளே எண்ணத் தொடங்கியது. பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்து கை தட்டினார்கள்.

காணாமல் போன 8

அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்தான். பத்தாம் இலக்கத்தையும் சேர்த்த பிறகுதான் நான் முதலில் சொன்ன சிக்கல் வந்தது. 7க்கு அடுத்து 9.

எல்லா நேரமும் வந்தால் பிடிப்பது எளிது. இது எப்போதாவது வந்தது. இப்படிப்பட்ட பிழைக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: கருவியைத் தொடுவதற்கு முன் சாட்சியைச் சேர்த்துக்கொள். செல்போனை ஸ்டாண்டில் வைத்து டிஸ்பிளேயைப் பத்து நிமிடம் வீடியோ எடுத்தார்கள். ஓடவிட்டுப் பார்த்து, தாவல் நடந்த இடங்களையெல்லாம் நோட்டில் குறித்தார்கள். அநேகமாக எல்லாம் 7க்கும் 9க்கும் நடுவில். ஓரிரு இடத்தில் மட்டும் 1க்கு அடுத்து 3.

வடிவமைத்த மாணவி அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை செக்மென்ட் எரிகிறது என்று எழுதிக்கொண்டு வந்தாள். 0க்கு ஆறு, 1க்கு இரண்டு, 2க்கு ஐந்து, 3க்கு ஐந்து, 4க்கு நான்கு, 5க்கு ஐந்து, வாலில்லாத 6க்கு ஐந்து, 7க்கு மூன்று, 8க்கு ஏழு, வாலில்லாத 9க்கு ஐந்து. ஒரு எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மிக அதிகமாகக் கூடுவது 7இலிருந்து 8க்கு. மூன்று ஏழாகிறது, நான்கு கூடுகிறது. அதற்கடுத்த பெரிய தாவல் 1இலிருந்து 2க்கு, மூன்று கூடுகிறது.

"மேம், லைட் அதிகமா எரியிற நேரத்துலதான் ஒரு கவுண்ட் கூடுது."

இத்தனை ஆண்டு இந்த லேபில் நின்றதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும் என்று தோன்றியது. தர்க்கத்தைப் பொறுத்தவரை 7க்கும் 8க்கும் எந்தத் தனிச்சிறப்பும் இல்லை, அதைவிட 9இலிருந்து 0க்குப் போவதுதான் பெரிய விஷயம். தப்பு தர்க்கத்தில் இருந்திருந்தால் அங்கேதான் வந்திருக்கும். தாவல் வெளிச்சத்தைப் பின்தொடர்கிறது என்றால் காரணம் மின்னோட்டம்.

ஊகம் நல்லது, ஆனால் ஊகம்தான். அதைப் பொய்யாக்க ஒரு வழி சொல்லுங்கள் என்றேன். டிஸ்பிளேயின் காமன் ஆனோடு வயரைக் கழற்றிவிட்டால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். டிஸ்பிளே இல்லாமல் எண்ணிக்கையை எப்படிப் பார்ப்பது? க்யூடி வெளியீட்டில் லாஜிக் புரோபை வைத்தால் பத்துத் துடிப்புக்கு ஒரு முறை அது விழ வேண்டும். டிஸ்பிளே இருக்கும்போது சில சுற்றுகள் ஒன்பது துடிப்பிலேயே முடிந்தன. கழற்றியதும் ஒவ்வொரு சுற்றும் பத்து, தவறாமல் பத்து.

அடுத்தது வோல்டேஜ் மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப். 8 வரும்போதுதான் க்யூடி 0இலிருந்து 1க்கு ஏறும். ஆகவே க்யூடியின் ஏற்றத்தில் டிரிகர் வைத்து, இன்னொரு சேனலில் கிளாக்கைப் பார்த்தார்கள். கிளாக் சுத்தமாக இருந்தது. ஒரு சிறு முள்கூட இல்லை. குழம்பிப்போனார்கள்.

இங்கே மட்டும் நான் குறுக்கிட்டேன். "கிளாக் புரோபோட கிரவுண்ட் கிளிப்பை எங்கே மாட்டியிருக்கீங்க?" 555க்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். இரண்டு புரோபுக்கும் கிரவுண்ட் உள்ளே ஒன்றுதான் என்பதால் இன்னொரு கிளிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள், அது சரியான பழக்கம். மாட்டியிருந்ததைக் கழற்றி 7490இன் பத்தாம் காலில் மாட்டச் சொன்னேன். கவுண்டர் எதைப் பார்க்கிறது என்று அறிய வேண்டுமானால் கவுண்டரின் இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். மாற்றியதும் திரையில் அது நின்றது: கிளாக் 0க்கு விழுந்த சற்று நேரத்தில் ஒல்லியான ஒரு முள், 2 வோல்ட்டைத் தாண்டிப்போய் மறுபடியும் விழுகிறது. 7490க்கு அது இன்னொரு துடிப்பு. 8 வந்த கணமே 9 ஆகிவிடுகிறது. 8 அங்கே இருந்தது, கண்ணுக்கு எட்டாத நேரத்துக்கு.

முள் எங்கிருந்து வந்தது? போர்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்தது. நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் ஓடும் மின்சார வரிசை நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். மேலே வரைந்திருக்கும் கோட்டின் இடைவெளியைக் கவனித்தால்தான் தெரியும். இவர்களுடைய போர்டில் வலது பாதியில் சப்ளையும் 7490களும், இடது பாதியில் 555ம் 7447களும். இரண்டு பாதியின் கிரவுண்டையும் இணைத்திருந்தது ஒரு நீண்ட மெல்லிய வயர், போர்டைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. செக்மென்ட் ஒன்றுக்கு 330 ஓம் போட்டிருந்தார்கள், அதாவது ஒவ்வொன்றும் 8 மில்லி ஆம்பியர் அளவில். நான்கு செக்மென்ட் சேர்ந்து எரியும்போது 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில பத்து நானோ செகண்டில் அந்த வயருக்குள் பாய்கிறது. நீண்ட வயரின் தூண்டல் அதை எதிர்க்கிறது, இடது பாதியின் கிரவுண்ட் ஒரு கணம் மேலே தூக்கப்படுகிறது. 555 தன் கிரவுண்டைப் பொறுத்து 0தான் சொல்கிறது. அந்தக் கிரவுண்டே உயர்ந்து இறங்கினால், வலது பாதியில் நிற்கிற கவுண்டருக்கு அது ஒரு துடிப்பாகத்தான் தெரியும்.

சிப்களுக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றுகூட வைக்கவில்லை. வரைபடத்தில் இருந்தது. "அது சும்மா போடுறதுன்னு நினைச்சோம்" என்றார்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தர்க்கத்தில் அதற்கு வேலை இல்லை, சிமுலேஷனில் அதை எடுத்துவிட்டாலும் எதுவும் மாறாது. பிறகு ஏன் வைக்க வேண்டும் என்று தோன்றுவது இயற்கைதான்.

இரண்டையும் சேர்த்துச் சரிசெய்துவிட அவர்களுக்கு ஆசை. ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லி நோட்டு தடுத்தது. முதலில் கிரவுண்ட் வரிசையைக் குட்டையான தடித்த வயர்கள் இரண்டால் இணைத்தார்கள். தாவல் வெகுவாகக் குறைந்தது, நிற்கவில்லை. அதைக் கழற்றிவிட்டு மின்தேக்கிகளை மட்டும் வைத்தார்கள். அப்போதும் குறைந்தது, நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோது நின்றது. போர்டு நுழைவாயிலில் 100 மைக்ரோ ஃபாரட் ஒன்றையும் வைத்து ஒரு முழு லேப் நேரம் ஓடவிட்டு, வீடியோவைத் திரும்பப் பார்த்து உறுதிசெய்தார்கள்.

பட்டன்

நான்காவது பிழையைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை, எல்லா டிஜிட்டல் லேபுக்கும் அது பழகிய விருந்தாளி. ஸ்டார்ட் பட்டன் ஒரு 7474 ஃப்ளிப்ஃப்ளாப்பைத் திருப்பிப்போடும், ஓடினால் நிற்கும், நின்றால் ஓடும். பட்டனின் உலோகத் தகடு தொடும்போது சில மில்லி செகண்டுக்குத் துள்ளும். ஒரு முறை அழுத்தினால் ஃப்ளிப்ஃப்ளாப் பல முறை திரும்பும். கடைசியில் எந்தப் பக்கம் நிற்கும் என்பது அதிர்ஷ்டம்.

முதலில் பட்டனுக்குக் குறுக்கே ஒரு மின்தேக்கி வைத்துப் பார்த்தார்கள். 10 கிலோ ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும் சேர்ந்தால் 1 மில்லி செகண்டுதான், துள்ளலைவிடக் குறைவு. மதிப்பைக் கூட்டியபோது வேறு தொல்லை வந்தது: வோல்டேஜ் மெதுவாக ஏறி, 0.8க்கும் 2.0க்கும் நடுவே நெடுநேரம் தங்கியது, கிளாக் உள்ளீட்டுக்கு அது ஆகாது. கடைசியில் இருபக்கத் தொடர்புள்ள பட்டனை எடுத்து, இரண்டு நேண்ட் கேட்டால் ஒரு லேட்ச் கட்டினார்கள். தகடு ஒரு பக்கத்தைத் தொட்டுத் துள்ளினாலும், மறுபக்கத்தைத் தொடும்வரை லேட்ச் மாறாது. பட்டனை ஐம்பது முறை அழுத்தினார்கள், ஐம்பது முறையும் சரியாக இருந்தது.

இந்தக் கட்டத்தில் அவர்களே ஒரு வடிவமைப்புக் குறையையும் கண்டுபிடித்தார்கள். கிளாக் 1 ஆக இருக்கும் நேரத்தில் ஸ்டார்ட்டை அழுத்தினால், நேண்ட் கேட்டின் வெளியீடு உடனே விழுந்து ஒரு நொடி கூடிவிடுகிறது. நேரம் போதவில்லை, சரிசெய்யவில்லை. ரெக்கார்டில் படத்தோடு எழுதி வைத்தார்கள். அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

மதிப்பீட்டில் நான் மாற்றியது

முன்பெல்லாம் கடைசி நாள் ஓடுகிறதா என்பதற்குத்தான் பெரும்பங்கு மதிப்பெண். இந்தக் குழுவின் நோட்டைப் படித்த பிறகு அந்த முறையில் தொடர மனம் வரவில்லை. இப்போது மொத்தத்தில் பாதி நோட்டுக்கு. எதிர்பார்ப்பு சரியாக இருந்ததா என்று பார்ப்பதில்லை, எதிர்பார்ப்பு எழுதப்பட்டதா, பொய்த்தபோது அதை என்ன செய்தார்கள் என்று பார்க்கிறேன். வைவாவில் குழுவை வெளியே அனுப்பிவிட்டு ஓடும் போர்டில் ஒரு வயரை மாற்றி வைப்பேன். உள்ளே வந்து, நோட்டில் எழுதிக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டும். பயந்தவர்கள்கூட இதை விரும்பித்தான் செய்கிறார்கள்.

இதையெல்லாம் எஃப்பிஜிஏ போர்டில், அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நிரலால் அமைத்துக்கொள்ளும் சிப் உள்ள போர்டில் செய்தால் இந்தத் தலைவலியே வராதே என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. உண்மைதான், கிரவுண்ட் வயரும் மின்தேக்கியும் அங்கே ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும். பட்டன் துள்ளல் மட்டும் அங்கேயும் அப்படியே வரும். பெரிய வடிவமைப்புகளுக்கு எஃப்பிஜிஏதான் வழி, எங்கள் மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் அதற்குப் போகிறார்கள். ஆனால் முதல் புராஜெக்ட் பிரெட்போர்டில்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். 8 ஏன் காணாமல் போனது என்று தேடிய அந்த இரண்டு வாரத்தை வேறு எந்தப் போர்டும் கொடுத்திருக்காது. சிமுலேஷனையும் நான் குறை சொல்லவில்லை. தர்க்கம் சரி என்று அது உறுதி சொன்னதால்தான், தப்பை வேறு இடத்தில் தேடும் துணிச்சல் அவர்களுக்கு வந்தது.

ஆறாவது வாரம்

கடைசியில் மீதி இருந்தது துல்லியம். செல்போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் சில நொடி வித்தியாசம் வந்தது. 10 மைக்ரோ ஃபாரடுக்கு 555இன் இரண்டு மின்தடைகளின் கூட்டுத்தொகை (இரண்டாவதை இருமுறை கூட்டி) 144 கிலோ ஓம் என்று சூத்திரம் சொன்னது. எலக்ட்ரோலிடிக் மின்தேக்கியோ குறித்த மதிப்பிலிருந்து 20 சதவீதம் வரை விலகும். பிரீசெட் என்ற திருகி மாற்றும் மின்தடையைத் திருகித் திருகிச் சரிசெய்தாலும் மறுநாள் மறுபடி நகர்ந்திருந்தது.

555ஐ எடுத்துவிட்டு 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் 4060 சிப்பும் போடலாம் என்று முடிவு செய்தார்கள். 4060 அதைப் பதினான்கு முறை இரண்டால் வகுத்து 2 ஹெர்ட்ஸ் கொடுக்கும். இன்னொரு முறை வகுத்தால் நொடிக்கு ஒன்று. வயரிங் செய்த மாணவன்தான் அன்று என்னிடம் வந்தான். முதல் வாரத்தில் டேட்டாஷீட் பார்க்காமலே சிப்பைக் குத்தியவன் அவன். கையில் இரண்டு டேட்டாஷீட், நோட்டில் இரண்டு பத்தி நிரம்பியிருந்தது, போர்டை இன்னும் தொடவில்லை.

"மேம், 7490 கிளாக் காலுக்கு 2.4 மில்லி ஆம்பியர் வேணும். 4060 5 வோல்ட்ல அரை மில்லி ஆம்பியர்தான் உறுதியா தாங்கும். நேரா குடுத்தா 0 ஒழுங்கா இறங்காது, ரீசெட்ல ஆன மாதிரியே ஆயிடும்."

"அப்போ?"

"7474ல ஒரு பாதி சும்மாதான் இருக்கு. அதோட கிளாக்குக்கு 0.4தான். அதை நடுவுல வச்சா 2 ஹெர்ட்ஸ் பாதியாவும் ஆயிடும், 7490ஐ இழுக்கிற பலமும் கிடைச்சிடும்."

நோட்டின் மூன்றாவது பத்தி காலியாக இருந்தது. போய்க் கட்டச் சொன்னேன்.